சில்லின் மேலொரு தகட்டுக் கோபுரம்

கட்டைவிரல் நகத்தளவேயான ப்ராஸஸர் சில்லு, கடும் வேலையின்போது நூறு வாட்டுக்கும் மேற்பட்ட மின்சக்தியை வாங்கி, ஏறக்குறைய அத்தனையையும் உஷ்ணமாகவே வெளிவிடுகிறது என்பதை அறிந்தவர்களுக்கு, அதன்மேல் அமர்த்தப்படும் உலோகக் கோபுரத்தின் அருமை விளங்காமற் போகாது. ஆஸ்திரியாவின் நொக்டுவா நிறுவனம் 2014இல் வெளியிட்ட என்எச்-டி15 என்ற குளிர்விப்பானை இவ்வகையில் உத்தமமான சிருஷ்டி என்றே நான் கருதுகிறேன்.

செம்பாலான அடித்தளம் சில்லின் உஷ்ணத்தை ஏற்றுக்கொள்ள, அதனின்று எழும் ஆறு குழாய்களுக்குள்ளே சிறிதளவு திரவம் ஆவியாகி, குளிர்ந்த பகுதியை அடைந்ததும் மீண்டும் திரவமாகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே தானாகவே அடித்தளத்துக்குத் திரும்புகிறது. மோட்டாரின் சகாயம் சிறிதுமின்றி இடையறாது நிகழும் இச்சுழற்சியைக் காட்டிலும் மனோகரமான ஏற்பாட்டை யந்திர உலகில் நான் அதிகம் கண்டதில்லை.

அக்குழாய்கள் ஊடுருவிச் செல்லும் தகடுகள் அலுமினியத்தாலானவை; செம்பு உஷ்ணத்தை இன்னும் நன்றாகக் கடத்துமெனினும், அதன் பாரம் மதர்போர்டுக்கு ஆகாது. தகடுகளை நெருக்கினால் பரப்பு மிகும், காற்று புகத் தயங்கும். விலக்கினால் காற்று தாராளமாய் ஓடும், பரப்போ குன்றும். இவ்விரண்டுக்கும் நடுவே தக்க இடைவெளியைத் தேர்வதில்தான் வடிவமைத்தவரின் விவேகம் புலப்படுகிறது.

விசிறியோ, பெரிதாயும் மந்தகதியுடையதாயும் இருப்பதே சிலாக்கியம். ஒரே விசிறியின் வேகத்தை இரட்டித்தால் காற்று இரண்டு மடங்காகும், அதற்கு வேண்டிய சக்தியோ எட்டு மடங்காகும், இரைச்சலும் வெகுவாக ஏறிவிடும். ஆதலால் 140 மில்லிமீட்டர் விசிறி நிதானமாகச் சுழன்றே, சிறு விசிறி அலறிக்கொண்டு தரும் காற்றைத் தந்துவிடுகிறது.