கோண்டோவின் இசையும் ஓசையும்

வீடியோ விளையாட்டின் இசையைத் தனியே பிரித்துத் திறனாய்தல் பொருந்துமோ? 1984 இல் நிண்டெண்டோ நிறுவனத்திற் சேர்ந்த சப்பானியர் கோஜி கோண்டோ, 1985 இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டுக்கு இசையும் ஓசையும் ஒருங்கே அமைத்தார். அன்றைய விளையாட்டுக் கருவியில் ஒலிவழிகள் ஐந்தே. ஆதலின், மாரியோ தாவுந்தோறும் அத்தாவல் ஓசைக்கு இசையின் ஓரிழை சிறிது விலகி வழிவிடுகின்றது. எனினும் இசை அறுந்ததாகத் தோன்றுவதில்லை. எஞ்சிய காலம் 100 அலகிற் குறையுங்கால் இசை விரைவுறுகின்றது. இங்ஙனம் ஆடுவோர் கையும் இசையாக்கத்திற் பங்கு பெறுகின்றது. 2023 இல் அமெரிக்கக் காங்கிரசு நூலகம் இவ்விசையைத் தேசிய ஒலிப்பதிவேட்டிற் சேர்த்தது. விளையாட்டிசை ஒன்று அச்சிறப்பை எய்தியது அதுவே முதன்முறை. அது தக்கதே. ஆயினும், ஆட்டத்தினின்றும் பிரித்து இசையை மட்டும் போற்றுவோர் கோண்டோவின் கலையிற் பாதியையே கேட்கின்றனர் என யாம் கருதுகின்றோம்.