விஷ்ணுபுரமும் திருவெஃகாவும்

கற்பனைக் கதையில் சமயாசாரம் இயல்பாய் அமைந்ததா, அலங்காரமாய் ஒட்டப்பட்டதா என்றறிய ஒரு சோதனை உண்டு. தேவிகாபுரத்துத் தறிகளில் பட்டுச் சேலையின் சரிகை நெய்து முடித்த துணியின்மேல் தைக்கப்படுவதன்று. நெய்யும்போதே ஊடையோடு சேர்ந்து ஓடுவது. அதை உருவினால் சேலை குலையும். அவ்வாறே, ஓர் ஆசாரத்தை நீக்கினால் கதையும் குலையுமாயின் அது நெய்யப்பட்டது. குலையாதாயின் வெறும் வேஷம்.

1997இல் வெளிவந்த ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' இச்சோதனையில் பெரிதும் தேறுகிறது. கற்பனை நகரம், அதன் நடுவே பள்ளிகொண்ட பேருருவம். நூலின் மூன்று பகுதிகளுக்கும் ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று பெயர். திருவடி தொடங்கி மேலேறிச் சேவிப்பது நம் வழக்கம். அமலனாதிபிரானில் திருப்பாணாழ்வார் அரங்கனை அனுபவித்த முறையும் அதுவே. சேவிக்கும் முறையே இங்கு நூலின் கட்டுக்கோப்பாயிற்று. அதை நீக்கினால் நாவல் நில்லாது.

ஆயினும் பூர்வாசார்யர்களின் வியாக்யானங்களில் பழகியவர்க்கு ஓரிடத்தில் தடை எழும். யுகத்துக்கு ஒருமுறை இறைவன் புரண்டு படுப்பான், அப்போது பிரளயம் என்பது அந்நகரத்தின் நம்பிக்கை. நம் ஸம்ப்ரதாயத்திலும் கிடை மாறிய எம்பெருமான் உண்டு. கணிகண்ணனை அரசன் காஞ்சியினின்று வெளியேற்றியபோது, திருமழிசையாழ்வார் சொற்படி பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு உடன் சென்றான் திருவெஃகாப் பெருமான். அவர்கள் மீண்டபோது தானும் மீண்டான்; போய்வந்ததற்கு அடையாளமாகத் திசை மாறிச் சயனித்தான். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்பதே அவன் திருநாமம்.

இரண்டிடத்தும் நிகழ்வது ஒன்றே: கிடந்தவன் அசைகிறான். ஒன்றில் அவனை அசைப்பது காலம். மற்றொன்றில் அடியவன் சொல். விஷ்ணுபுரத்தில் பரத்வம் வானளாவ நிற்கிறது. ஸௌலப்யமோ கதையை நகர்த்தும் விசையாக அமையவில்லை.

'சமயம் அதிகாரமாய் உறைந்ததை விசாரிக்கும் நாவலில் ஸௌலப்யத்தைத் தேடலாமோ?' எனின், தேடலாம். பூர்வபக்ஷத்தை அதன் முழு வலிமையோடு நிறுத்திய பின்னரே மறுப்பது நம் ஆசார்யர்களின் மரபு. கோயிலை விசாரிக்கும் நூலும் அவ்வாறே செய்தல் தகும். பேருருவத்துக்கு அஞ்சியவர்களை மட்டுமன்றி, அதனோடு உரிமை பேசியவர்களையும் அது எதிர்கொண்டிருக்குமாயின் விசாரணை இன்னும் கூர்மை பெற்றிருக்கும்.

இனி இத்தகைய கதை எழுதப் புகுவோர் திருமண்காப்பையும் தளிகையையும் கோபுரத்தையும் வருணிக்குமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளட்டும்: அந்தக் கற்பனை உலகில் எம்பெருமான் யார் சொல்லுக்கு எழுவான்? அது தெளிந்தால் ஆசாரங்கள் தாமே ஊடையில் வந்து சேரும்.