துன்பமாலையும் வழக்குரையும்: அவசரகால வழக்குகள் குறித்த நம் எழுத்து

எஸ். ஏ. கணபதியைப் பற்றி மலேசியத் தமிழில் எழுந்துள்ள கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே பாங்கின. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய அவர், 1949 மார்ச்சில் ரவாங்கை அடுத்த தோட்டப் பகுதியில் கைத்துப்பாக்கியோடு பிடிபட்டு, அம்மாதமே மரண தண்டனை பெற்றார். இந்திய அரசு பரிந்துரைத்தும் பயனின்றி மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இவ்வளவும் கூறியபின் கட்டுரைகள் புகழுரைக்கும் இரங்கலுக்கும் திரும்பிவிடுகின்றன. துப்பாக்கியை ஒப்படைக்கவே அவர் எடுத்துச் சென்றார் என்னும் கூற்று ஒற்றை வரியில் கடந்து போகிறது. வழக்கின் உயிர்நிலை அதுவன்றோ?

சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் அரற்றலுக்குத் துன்பமாலை உண்டு. ஆயினும் இளங்கோ அங்கு நிற்கவில்லை. வழக்குரை காதையில் அவள் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள், அரசன் தன் தேவியின் சிலம்பிலுள்ளது முத்து என்கிறான், சிலம்பு உடைகிறது. பாண்டியனை வீழ்த்தியது கண்ணீரன்று, சான்று. நம் கணபதிக் கட்டுரைகள் துன்பமாலையோடு நின்றுவிட்டன என்பதே நாம் காணும் குறை.

பிரான்சில் கேப்டன் ஆல்பிரட் டிரைபஸின் வழக்கு வேறு வகையில் எழுதப்பட்டது. அல்சாஸைச் சேர்ந்த யூதரான அவர், ஜெர்மனிக்குப் படை இரகசியங்களை விற்றார் என 1894இல் தண்டிக்கப்பட்டார். கையெழுத்து ஒப்பீடு ஐயத்திற்குரியதாயிருக்க, எதிர்த்தரப்புக்குக் காட்டப்படாத இரகசியக் கோப்பொன்று நீதிபதிகளிடம் தரப்பட்டது. யூதர் என்றாலே துரோகி எனக் கூவிய பத்திரிகைகள் எஞ்சியதை நிறைவேற்றின. 1898இல் எமில் சோலா வெளியிட்ட பகிரங்கக் கடிதம் இரங்கற்பா அன்று. தளபதிகளையும் கையெழுத்து வல்லுநர்களையும் பெயர் சுட்டி, இன்னார் இன்னது செய்தார் என அடுக்கும் குற்றப்பத்திரிகை. தண்டனை முற்றாக நீங்க 1906 வரை ஆயிற்று.

மலாயாவில் அத்தகைய இனவெறுப்பு இருந்ததென நாம் கூறவில்லை. 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்தபின் இங்கு ஐயத்திற்கு இலக்கானவன் தொழிற்சங்கத்தான். ஆயுதம் வைத்திருந்தாலே தூக்கு என்னும் விதியும் உடன் வந்தது. இச்சூழலில் சிக்கிய இன்னொரு தமிழர் சாம்பசிவம். செபராங் ஜெயாவில் தமிழாசிரியர் சிலரோடு உரையாடியபோது கணபதியை அறியாதவர் இல்லை. சாம்பசிவத்தை அறிந்தவர் ஒருவருமில்லை. வியப்பன்று: உயிர் பிழைத்தவருக்கு நினைவுநாள் ஏது?

1948இல் ஜொகூரில் பிடிபட்ட சாம்பசிவத்தின்மீது துப்பாக்கி ஏந்தியதாக ஒன்று, தோட்டாக்கள் வைத்திருந்ததாக ஒன்று என இரு குற்றச்சாட்டுகள். முதல் விசாரணையில் தோட்டாக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். துப்பாக்கிக் குற்றத்திற்கு மறுவிசாரணை நடந்தது. அதில் இரண்டையும் தாம் வைத்திருந்ததாக அவர் கூறினார் எனும் வாக்குமூலம் முன்வைக்கப்பட்டது. அதன் ஒரு பாதியைப் பொறுத்தவரை அவர் முன்னரே விடுதலையானவர் என்பது, நீதிபதிக்குத் துணையாக அமர்ந்த புதிய மதிப்பீட்டாளர்களுக்குச் சொல்லப்படவில்லை. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1950இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அதை நீக்கியது. விடுதலைத் தீர்ப்பு, அதே தரப்பினரிடையே பின்வரும் வழக்கிலும் மாறாத உண்மையாகக் கொள்ளப்பட வேண்டும் என்பது பிரபு மெக்டர்மட் வழங்கிய தீர்ப்பின் சாரம். சாம்பசிவம் மாசற்றவர் என அது நற்சான்று தரவில்லை. விசாரணை பிழைபட்டது என்றது. பாரிசில் நீதிபதிகளுக்கு மறைவாக ஒன்று காட்டப்பட்டது. இங்கே காட்டவேண்டியது மறைக்கப்பட்டது.

இவ்வேறுபாட்டை நுணுகிக் காண்பதே திறனாய்வின் வேலை. கணபதியின் தண்டனையை எந்த மன்றமும் பின்னர் நீக்கவில்லை. ஆகவே அவரை 'மலாயாவின் டிரைபஸ்' என அழைப்பது அவசரம். பிடிபட்டதற்கும் தூக்கிற்கும் இடையே இரண்டு மாதமும் சில நாட்களுமே இருந்தன என்பது அடைமொழிகளைவிட வலுவான வாதம். சாம்பசிவத்தின் மேல்முறையீடு முடிய ஏறத்தாழ ஓராண்டு தேவைப்பட்டதை அதனருகில் வைத்துப் பார்க்கலாம்.

1956இல் இந்திய உச்ச நீதிமன்றம் பிரீதம் சிங் வழக்கில் சாம்பசிவம் தீர்ப்பைப் பின்பற்றியது. சட்ட மாணவர் அப்பெயரை ஒரு விதியின் பெயராக அறிவர். அத்தீர்ப்பு தமிழில் பெயர்க்கப்படுமாயின், வழக்குரை காதை நடத்தும் ஆசிரியர்க்கு வகுப்பில் உடன்வைத்துப் படிக்க ஏற்ற பாடமாகும்.