ஆண்டுப் பட்டியலில் இல்லாத வரி

அமெரிக்காவில் பைக் ஓட்டுவோரின் உரிமைக்காக இயங்கும் அமைப்புகளில் பல, தன்னார்வலர்களின் உழைப்பில் நடப்பவை. ‘ஏபேட்’ என்ற பெயரில் பல மாநிலங்களில் தனித்தனி அமைப்புகள் உண்டு. கட்டாய ஹெல்மெட் சட்டத்தை எதிர்த்து 1970களில் எழுந்தவை அவை. எந்த மசோதாவை ஆதரிப்பது, எதை முறியடிப்பது, உறுப்பினர் எண்ணிக்கையை எவ்வளவு உயர்த்துவது, மே மாத விழிப்புணர்வுப் பிரசாரத்தை எப்படி நடத்துவது என்று ஆண்டுதோறும் இலக்கு வகுப்பது இத்தகைய அமைப்புகளின் வழக்கம். இந்த வழக்கம்தான் அவற்றை இத்தனை காலம் உயிரோடு வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். அவற்றின் பார்வையைக் குறுக்கியதும் இதுவே.

இதில் உள்ள நன்மை வெளிப்படையானது. பெரும்பாலான மாநிலச் சட்டமன்றங்கள் ஜனவரியில் கூடுகின்றன. மசோதா கொண்டுவரும் கெடு சில வாரங்களில் முடிந்துவிடும். என்ன கேட்கப்போகிறோம் என்று அதற்குமுன் முடிவு செய்யாத அமைப்புக்கு அந்த ஆண்டு வீணாகும். வேலைக்குப் போய்வந்து மிஞ்சிய நேரத்தில் சங்கப் பணி செய்பவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குறி இருந்தாக வேண்டும்.

ஆனால் சட்டம் நாள்காட்டிக்குக் கட்டுப்படுவதில்லை. மிச்சிகனைப் பாருங்கள். ஹெல்மெட் சட்டத்தைத் தளர்த்தும் மசோதா அங்கே 2006இலும் 2008இலும் சட்டமன்றத்தைத் தாண்டியது. இருமுறையும் ஆளுநர் ஜெனிஃபர் கிரான்ஹோம் வீட்டோ செய்தார். 2012இல்தான் அடுத்த ஆளுநர் ரிக் ஸ்னைடர் கையெழுத்திட்டார். அதுவும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும், 20,000 டாலர் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. ஆண்டுக் கணக்குப்படி பார்த்தால் இடைப்பட்ட ஆண்டுகள் எல்லாம் தோல்வி. உண்மையில் சட்டமன்ற உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பேசி இணங்கவைத்த வேலை அந்த ஆண்டுகளில்தான் நடந்தது. டெக்சஸில் நிலைமை இன்னும் கடினம். அங்கே சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டுமே, அதுவும் 140 நாள். இரட்டைப்படை ஆண்டில் ‘மசோதா நிறைவேற்றுவோம்’ என்று எழுதுவதில் பொருளில்லை. வேட்பாளர்களைச் சந்திப்பதுதான் அந்த ஆண்டின் இலக்காக இருக்க முடியும்.

பொறுமையாக ஆதாரம் திரட்டுவதன் பலனுக்குக் கலிபோர்னியா நல்ல எடுத்துக்காட்டு. நெரிசலில் கார் வரிசைகளுக்கு நடுவே பைக் செல்வதை முறைப்படி அங்கீகரிக்கும் சட்டம் அங்கே 2016இல் கையெழுத்தானது. அதற்கு முந்தைய ஆண்டு பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்திருந்தது. விபத்தில் சிக்கிய ஏறத்தாழ 6,000 பைக் ஓட்டிகளில் 997 பேர் அப்படி இடையில் சென்றவர்கள். மற்றவர்களைவிட இவர்களுக்குத் தலைக்காயம் குறைவாகவே இருந்தது. வாகன ஓட்டம் மணிக்கு 50 மைலைத் தாண்டாமலும், பைக்கின் வேகம் அதைவிட 15 மைலுக்கு மேல் மிஞ்சாமலும் இருந்தால் ஆபத்து குறைவு என்றது ஆய்வு. உரிமைக் கோரிக்கையோடு ஆதாரமும் சேர்ந்தால் அதன் எடையே வேறு. ஆதாரம் திரட்டுவது ஓராண்டில் முடிகிற வேலையல்ல என்பதால் ஆண்டுப் பட்டியலில் அதற்கு இடம் கிடைப்பது அரிது.

என் முக்கியமான குறை வேறு. எண்ணக்கூடியதையே இலக்காக வைக்கிறோம் என்கிற இந்த அமைப்புகள், எண்ண வேண்டிய ஒன்றை விட்டுவிடுகின்றன. 2023இல் அமெரிக்கச் சாலைகளில் 6,335 பைக் பயணிகள் இறந்தார்கள். அந்த ஆண்டின் மொத்தச் சாலை மரணங்களில் இது 15 சதவீதம். பதிவான வாகனங்களிலோ பைக்குகளின் பங்கு மூன்று சதவீத அளவுதான். ஓட்டுபவரின் உயிரிழப்பைத் தடுப்பதில் ஹெல்மெட்டின் பலன் 37 சதவீதம் என்பது மத்தியச் சாலைப் பாதுகாப்பு நிறுவனத்தின் மதிப்பீடு. வயது வந்தவர் தன் தலையைப் பற்றித் தானே முடிவெடுக்கட்டும் என்ற வாதத்தை நான் அவமதிக்கவில்லை. அதில் நேர்மையான அரசியல் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் சட்டத்தை நீக்கியதை வெற்றி என்று ஆண்டறிக்கையில் எழுதும் அமைப்பு, அடுத்தடுத்த ஆண்டுகளில் இறந்தவர்களின் எண்ணிக்கையையும் அதே பக்கத்தில் எழுதக் கடமைப்பட்டது. இறந்தவர்களில் அதன் உறுப்பினர்களும் இருப்பார்கள்.

அப்படி எழுதத் தொடங்கினால் இலக்குகளே மாறும். உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளில் சிக்கிய பைக் ஓட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் முறையான உரிமம் இருப்பதில்லை. அவர்களைத் தேடிப்பிடித்துப் பயிற்சிக்கு அனுப்ப எந்த மசோதாவும் தேவையில்லை. ஆளுநரின் கையெழுத்தும் தேவையில்லை. பைக் ஓட்டுவோரிடையே செல்வாக்குள்ள அமைப்பால் இன்றே முடியும். எதிரே நேராக வரும் பைக்கைக் கவனிக்காமல் அதன் குறுக்கே கார் இடப்பக்கம் திரும்புவது இன்னொரு பெரிய காரணம். எந்தச் சந்திப்புகளில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது என்று உள்ளூர்க் கிளைகள் குறித்துவைத்து, தனி அம்புக்குறி சிக்னல் கேட்கலாம். காவலர்கள் பைக்கர்களை உடையையும் சின்னத்தையும் பார்த்து நிறுத்துவதற்கு எதிராக 2011இல் வாஷிங்டன் மாநிலத்தில் சட்டம் வந்தது. அமெரிக்காவில் அதுதான் முதல். ஹெல்மெட்டுக்கு அப்பாலும் இந்த அமைப்புகளுக்கு வலு உண்டு என்பதற்கு அதுவே சான்று.

ஆண்டு இலக்கைக் கைவிட வேண்டாம். சட்ட இலக்குகளுக்கு ஐந்தாண்டுக் கெடு வையுங்கள். ஆண்டுக் கெடுவை உங்கள் கையில் உள்ள பயிற்சிக்கும் உரிமத்துக்கும் வையுங்கள். பட்டியலின் முதல் வரியில், சென்ற ஆண்டு உங்கள் மாநிலத்தில் இறந்த பைக் ஓட்டிகளின் எண்ணிக்கையை எழுதுங்கள்.