பாதிப் பாலை

வளைகுடாவிலிருந்து எழுதப்படும் தமிழ்க் கவிதைகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அவற்றின் சாமான்கள் மனப்பாடமாகியிருக்கும். மணல், ஒட்டகம், பேரீச்சை, விமான நிலையத்தில் கையசைப்பு, கைப்பேசித் திரையில் வளரும் பிள்ளை. பாலை என்ற சொல் எப்படியும் வந்துவிடும். வெயில் வந்தாலும் மனைவியின் நினைவு சுடுவதற்கு உவமையாகத்தான் வரும். உடம்பைச் சுடும் வெயில் அபூர்வம்.

இதைத் திணை மரபின் தொடர்ச்சி என்கிறார்கள். மரபில் இருப்பது வேறு. தொல்காப்பியர் பாலைக்குப் பிரிவை உரிப்பொருளாக வைத்தார். கூடவே வேனிலையும் நண்பகலையும் பொழுதாக வைத்தார். தனி நிலம் தரவில்லை. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை விளக்கம் தருகிறது: முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டு எடுக்கும் வடிவமே பாலை. நல்ல நிலத்துக்கு நேர்ந்துவிட்ட ஒரு நிலைமைக்குத்தான் அந்தப் பெயர். சங்கக் கவிஞர்கள் பிரிவைப் பாடும்போது அந்த நிலைமையையும் கண்ணால் கண்டு பாடினார்கள். பெண்யானையின் பசி தீர்க்க யா மரத்தின் பட்டையை உரிக்கும் ஆண்யானை குறுந்தொகையில் வருகிறது. பொருள் தேடப் போன தலைவன் அந்த வழியில்தான் போயிருக்கிறான். நாம் அங்கிருந்து பிரிவை எடுத்துக்கொண்டு வேனிலை விட்டுவிட்டோம்.

மனாமாவின் குதைபியாவை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழும் மலையாளமும் வங்காளமும் ஒரே சந்தில் கேட்கும் பகுதி. ஓர் அறையைப் பலர் பகிர்ந்து தங்குகிறார்கள். மணல்மேடு எதுவும் கண்ணில் படாது. ஆகஸ்டில் ஏசி போட்ட கடையை விட்டு வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படியும். தீவைச் சூழ்ந்த கடலின் ஈரம் அது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு தணியும். காற்றே நனைந்திருக்கும்போது எப்படிக் காயும்? இதற்குப் புழுக்கம் என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. நாகப்பட்டினத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கவிதையில் மட்டும் வறண்ட மணற்காற்று வீசிக்கொண்டிருக்கிறது.

வெப்பமும் ஈரமும் சேர்ந்த அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்கிறார்கள். அது 35 டிகிரியைத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் திடகாத்திரமான ஆளும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டார். ராஸ் அல் கைமாவில் அந்த எல்லை ஏற்கெனவே சிறிது நேரம் தொடப்பட்டிருப்பதை 2020இல் வெளியான ஓர் ஆய்வு பழைய பதிவுகளிலிருந்து காட்டியது.

பஹ்ரைனில் 2007 முதல் கோடையில் நண்பகல் 12 மணியிலிருந்து 4 மணி வரை வெட்டவெளி வேலைக்குத் தடை உண்டு. ஜூலை, ஆகஸ்ட் என்று இருந்ததை 2025இல் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நீட்டினார்கள். வேனிலும் நண்பகலும்: தொல்காப்பியர் சொன்ன அதே பொழுது, இப்போது அரசாணையில். கட்டட வேலைக்காரருக்கு அது விடியுமுன் எழுவது, இருட்டில் வண்டி ஏறுவது. இரண்டு மாதத் தடை மூன்று மாதமானதில் ஒரு நாவலுக்கான பொருள் இருக்கிறது. நான் வாசித்தவரை தமிழில் யாரும் தொடவில்லை. எழுதுகிறவர்களில் பலர் என்னைப் போலக் குளிரறையில் கணினி முன்னால் இருப்பவர்கள் என்பது ஒரு காரணம். நல்ல காரணம் என்று சொல்ல மாட்டேன்.

மலையாளத்தில் பென்யாமின் பஹ்ரைனில் வாழ்ந்தபோது எழுதி 2008இல் வெளிவந்த 'ஆடுஜீவிதம்' நாவலில் தாகமும் வெயிலும் உடம்பில் இறங்குகின்றன. அதன் வெற்றியால் ஒரு சிக்கலும் வந்தது. வளைகுடாத் துயரம் என்றாலே சவூதிப் பாலைவனமும் ஆட்டுப்பட்டியும் என்றாகி, அது எழுதப்பட்ட தீவின் புழுக்கம் எழுதப்படாமல் நிற்கிறது. நமக்கு அதைவிட உதவக்கூடியவர் அப்துல் ரஹ்மான் முனீஃப். அவருடைய 'உப்பு நகரங்கள்' ஊற்றுநீரால் பசுமையான ஒரு பள்ளத்தாக்கில் தொடங்குகிறது. எண்ணெய்க்காக அதன் மரங்கள் சாய்க்கப்படுகின்றன. இளங்கோ சொன்ன திரிபு நம் கண்முன் நடக்கிறது.

பஹ்ரைனும் திரிந்த நிலம்தான். கடலடியிலும் நன்னீர் ஊறிய தீவு இது. வடக்கே ஊற்றுகள் பேரீச்சந்தோப்புகளை வளர்த்தன. 1932இல் எண்ணெய் கிடைத்தது. பிறகு ஆழ்துளைக் கிணறுகள் பெருகின, புகழ்பெற்ற அதாரி ஊற்றும் வறண்டது. இன்று குழாயில் வருவது பெரும்பாலும் உப்பு நீக்கிய கடல்நீர். கடலைத் தூர்த்து நிலமாக்குகிறார்கள், கடல்மட்டமோ உயர்கிறது. கவிதையில் பேரீச்சையை நட்டுவைப்பவர், அது எந்தத் தோப்பில் மிஞ்சியது என்று ஒருமுறை விசாரிக்கலாம்.

மறுமுனையில், நம் கவிதைகளில் தலைவி இருக்கும் ஊர் எப்போதும் பச்சையாகவே இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தன. புதிதாக வைத்த தென்னை காய்க்கப் பல வருடமாகும். தோப்பை நம்பி ஊர் திரும்ப நாள் எண்ணிக்கொண்டிருந்தவர், இன்னும் இரண்டு ஒப்பந்தம் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருப்பார். அந்தப் பிரிவை நீட்டித்தது மருதத்தின் திரிபு. குதைபியாவில் மூவர் தூங்கும் அறையில், ஊரில் மழை உண்டா என்று கேட்டுவிட்டு, காலை 3 மணிக்கு அலாரம் வைக்கும் ஒருவர் தலைவனாக வரும் கவிதை கிடைத்தால், இந்த இதழின் ஆசிரியர்கள் அதை முதல் பக்கத்தில் போட வேண்டும்.