மேலாளர் எனும் துணைப்பாத்திரம்

தொழில்முறை மற்போரில் மேலாளர் வெறுங்கூச்சலிடுபவரே என்பர் சிலர். அக்கூற்றுப் பொருந்தாது. மற்போர், முடிவு முன்னரே வகுக்கப்பட்ட நாடகம்; அதில் வீரரின் உடலை வளர்ப்பவர் பயிற்சியாளர், பாத்திரத்தை வளர்ப்பவர் மேலாளர்.

பாபி ஹீனன் இதற்குத் தக்க சான்று. மக்கள் நெடுங்காலம் நேசித்த பிரெஞ்சு வீரர் ஆந்த்ரே, 1987இல் அமெரிக்காவில் நடந்த மூன்றாம் ரெசில்மேனியாவில் ஹல்க் ஹோகனுக்குப் பகைவராக நிறுத்தப்பட்டார். ஆந்த்ரே சில சொற்களே பேசினார். இறுமாப்பையும் ஏளனத்தையும் ஹீனனே பேசி, மக்களின் வெறுப்பைத் தம்மேல் சுமந்தார். 1990இல் டொராண்டோவில், தோல்விக்காகத் தம்மை அறைந்த ஹீனனை ஆந்த்ரே திருப்பித் தாக்கினார். அரங்கம் ஆர்ப்பரித்து அவரை மீண்டும் ஏற்றுக்கொண்டது. வெறுப்பு மேலாளரோடு போயிற்று. அன்பு வீரரிடமே மீண்டது.

தாம் சிறுமையேற்றுப் பிறரை உயர்த்தும் இத்திறனும் கலையே எனத் துணியலாம்.