நாண் நிற்கும் இடம்

சங்கரன்கோவில் ரத வீதியில் எனக்குப் பழக்கமான தையற்காரர் ஒருவர் இருக்கிறார். விரலில் பித்தளை அங்குஸ்தான் போட்டுக்கொண்டு காஜா எடுப்பார். அதன் மேலெல்லாம் பொடிப்பொடியாகக் குழிகள். பூ வேலை செய்த வெள்ளி அங்குஸ்தான் ஒன்றும் அவரிடம் உண்டு. அது சுவாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது. "அதைப் போடலாமே?" என்றேன். "ஊசி வழுக்கும், அண்ணாச்சி" என்றார்.

சீன வில்வீரர்கள் கட்டைவிரலில் அணிந்த மோதிரங்களின் படங்களைப் பிறகு பார்த்தபோது, அவருடைய அபிப்பிராயம்தான் எனக்கு அளவுகோலாக இருந்தது.

கட்டைவிரலால் நாண் இழுக்கிற முறையில் அந்த ஒரு விரலே பாரம் முழுவதையும் தாங்க வேண்டும். ஏகலைவன் கதை தெரிந்த நமக்குக் கட்டைவிரலின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

1976-ல் ஆன்யாங்கில் பூ ஹாவ் என்ற அரசியின் கல்லறை கிடைத்தது. சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன் படை நடத்திய பெண் அவள். அங்கிருந்த ஜேட் மோதிரத்தில் ஒரு மிருக முகம் செதுக்கியிருக்கிறது. நாண் பதிய ஒரு பள்ளம். கயிறு கோத்துக் கட்ட இரண்டு துளைகள். முகம் அழகுதான், ஆனால் அது நாணின் வழியில் குறுக்கே நிற்கவில்லை.

ஹான் வம்ச காலத்தில் மோதிரம் தட்டையாகிவிட்டது. இரு பக்கமும் சிறகு போல வேலைப்பாடு. நடுத் துளை மட்டும் பழைய ஞாபகம். பதக்கமாகத் தொங்கவிட்டுக்கொண்டார்கள். மஞ்சூக்கள் ஆண்ட காலத்தில் அது உருளை வடிவில் விரலுக்குத் திரும்பியது. சியென்லுங் சக்கரவர்த்தி தம் கவிதைகளையே அதில் பொறிக்கச் செய்தார். வில்லைத் தொடாதவர்களும் அந்தஸ்துக்காக அணிந்தார்கள். மொகலாயரும் சளைக்கவில்லை. ஷாஜஹானின் பட்டப்பெயர் பொறித்த ஜேட் மோதிரம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூஸியத்தில் இருக்கிறது.

பிற்கால வேலைப்பாட்டைச் சிகரம் என்று சொல்கிறவர்கள் உண்டு. கல்லை இழைத்த நேர்த்திக்கு நானும் தலை வணங்குகிறேன். ஆனால் என் ஓட்டு பூ ஹாவின் மோதிரத்துக்குத்தான். அலங்காரம் குற்றமில்லை, நாணுக்கு இடம் விட்டதா என்று பார்க்க வேண்டும். தையற்காரரின் குழிகளும் பார்வைக்கு அலங்காரம்தான். ஊசி நிற்பது அவற்றில்.

இதைச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. என் கடைசி நாவல் ஆடித் தபசில் தொடங்குகிறது. கூட்டம், மேளம், தூசி என்று இரண்டு பக்கம். கணவனைத் தேடி நிற்கும் பெண் மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறாள். அந்த வர்ணனையைப் பாராட்டிப் பலர் கடிதம் எழுதினார்கள். தையற்காரரும் படித்தார்.

"தபசு அப்படியே கண்ணு முன்னால நிக்கு, அண்ணாச்சி. அந்தப் புள்ள எதுக்கு அழுதான்னுதான் வெளங்கலை."

கதையின் பாரமெல்லாம் அந்த அழுகையில் இருந்தது. நானோ மோதிரத்தைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுபதிப்புக்காக அந்த இரண்டு பக்கத்தையும் அடித்துவிட்டேன். பதிப்பாளருக்கு வருத்தம். எனக்கும்தான்.